தோமஸ் கனகசபைக்காக மன்றாடுவோம்

என்ர அன்பான திரேஸ், சொல்லவேண்டியதைச் சொல்லாமல் போய்ச் சேர்ந்தவளே,

சுகமாயிருக்கிறியோ எண்டு கேக்க ஏலாது. ஆனாலும் பழக்கதோசத்திலை கேக்கிறன். நீ போய் நாலு மாசம். அதிலை மூண்டரை மாசம் உன்னை நினைச்சு அழுதன். கடைசி ரெண்டு கிழமையும் உன்னோடை சண்டை பிடிச்சுக்கொண்டிருக்கிறன். குசினியிலை, பஸ்ஸிலை, கந்தோரிலை ரைப் அடிக்கேக்கை, எல்லா இடத்திலையும். பக்கத்திலை இருக்கிறவை இந்தப் பாக்கியத்துக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு நினைக்கிறதுக்கு முந்தி எழுதிப்போடுவம் எண்டு இருக்கிறன்.

இதை ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்குக் குடுக்கப்போறன். போட்டா போடட்டும், விட்டா விடட்டும். எங்களைத் தெரியாத ஆக்களும் வாசிப்பினம் எண்டதாலை உனக்குத் தெரிஞ்ச கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டிக் கிடக்கு. பொறுத்துக்கொள். உயிரோடை இருக்கேக்கை நீ என்னை ஒரு கதையையும் முழுக்கச் சொல்ல விட்டதில்லை. இப்பவாவது குறுக்கை விழாமல் கேள்.

நவம்பர் உங்கட கத்தோலிக்க ஆக்களுக்கு மரிச்ச ஆத்துமாக்களின்ர மாதம். உன்ர மகள் அனிற்றா ரெலிபோன் எடுத்து, அம்மாவின்ர பேரை முதல் தரம் பூசையிலை வாசிக்கப் போகினம், அன்ரி கட்டாயம் வரவேணும் எண்டு கூப்பிட்டாள். வராமல் இருப்பனோ? நெத்தித் திருநீறை அழிச்சுப்போட்டு, வெள்ளவத்தையிலை இருந்து ரெண்டு பஸ் மாறி, மூண்டு இடத்திலை ஆமிக்காரன் மறிக்க இறங்கி ஐடென்ரி காட் காட்டி, கொட்டாஞ்சேனைக்கு வந்தன். தூணுக்குப் பக்கத்திலை நீ வழமையாய் இருக்கிற வாங்கிலை அவளோடை இருந்தன்.

பாதர் ஒவ்வொரு குடும்பமும் எழுதிக் குடுத்த கடதாசியை எடுத்து ஒவ்வொரு பேராய் வாசிச்சார். உன்ர பேர் வந்தது. நான் லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைச்சன். அடுத்ததாய் உன்ர மனுசன்ர பேர் வந்தது. அதுக்கும் அடுத்ததாய், அதே கடதாசியிலை இருந்து, அதே குரலிலை வாசிச்சார்.

"தோமஸ் கனகசபைக்காக மன்றாடுவோம்."

கனகசபை என்ர மனுசன்ர பேர். இருவது வருசம் ஒண்டாய்க் குடியிருந்தும், அவர் செத்து ஆறு வருசமாகியும், நான் வாயாலை சொல்லாத பேர். "இவர்" எண்டுவன், "இஞ்சருங்கோ" எண்டுவன், அவ்வளவுதான். அந்தப் பேருக்கு முன்னாலை ஒரு தோமஸைக் கட்டிவிட்டு, முன்னைப் பின்னை தெரியாத சனம் கோயில் நிறைய நிண்டு மன்றாடுது. நான் துடைச்ச லேஞ்சியைக் கையிலை பிடிச்சபடி இருந்தன்.

வெளியிலை வந்து அனிற்றாவைப் பிடிச்சுக் கேட்டன். அவளுக்கு முகமெல்லாம் வெளிறிப்போச்சு. உன்ர பூசைப் புத்தகத்துக்குள்ளை மடிச்சுக் கிடந்த கடதாசியிலை உன்ர பேரை மேலை எழுதி அப்பிடியே குடுத்தவளாம். இந்தமுறை புதிசாய்ச் செத்தவையின்ர பேரை மட்டும்தான் வாசிப்பினம் எண்டு நினைச்சாளாம். பிறகு நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னாள், "அம்மாதான் அங்கிளுக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்க, அன்ரி. ஆஸ்பத்திரியில."

கோயில் வாசலிலை தேத்தண்ணியும் பணிஸும் குடுத்தினம், அதையும் தொடாமல் பஸ் தரிப்புக்கு நடந்தன். அவள் பின்னாலை ஓடிவந்தாள். மாசக் கடைசி ஞாயிறு திரும்பவும் பேர் வாசிப்பினமாம், வெள்ளிக்கிழமைக்குள்ளை கடதாசி குடுக்கவேணுமாம், அன்ரி வேண்டாமெண்டா அங்கிளின்ர பேரை எடுத்துவிடுறாளாம். அந்த வெள்ளிக்கிழமைதான் நாளைக்கு. எடுக்கிறதோ விடுறதோ எண்டு நான் சொல்லவேணும்.

உங்கட சட்டத்திலை, சாகக்கிடக்கிறவனுக்குப் பாதர் கிடைக்காட்டி ஆரும் தண்ணி ஊத்தலாம். மூண்டு தரம் ஊத்தி, பிதா சுதன் பரிசுத்த ஆவி எண்டு சொன்னாச் சரி. நீதான் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் எனக்கு விளங்கப்படுத்தினனீ. பைப்புத் தண்ணியும் சரியோ எண்டு நான் பகிடிக்குக் கேக்க, பைப்புத் தண்ணியும் சரி எண்டு நீ முகத்திலை சிரிப்பில்லாமல் சொன்னனீ. அது எங்கட வீட்டுக்குத்தான் வரப்போகுதெண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?

இப்ப ஒரு கேள்வி கேக்கிறன், நேரே மறுமொழி சொல்லு பாப்பம். ஒரு கோப்பைத் தண்ணி தலையிலை விழேல்லை எண்டதுக்காக உன்ர ஆண்டவர் இவரைப்போல ஒரு மனுசனை வெளியிலை நிப்பாட்டுவாரெண்டா, அவர் என்ன ஆண்டவர்? அப்பிடி நிப்பாட்டமாட்டாரெண்டா, நீ ஏன் ஊத்தினனீ? ரெண்டு கிழமையாய் இதை உருட்டி உருட்டிப் பாக்கிறன். எந்தப் பக்கத்தாலை போனாலும் நீதான் மாட்டுறாய். ஆனால் மாட்டிக்கொண்டு முழிக்கிறதுக்கு நீ இல்லை, எனக்கு அதுதான் பத்திக்கொண்டு வருது.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரிலை நானும் திரேசும் பக்கத்துப் பக்கத்து மேசையிலை பதினாலு வருசம் ரைப் அடிச்சம். நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலை பிறந்து, கலியாணம் முடிச்சு வெள்ளவத்தைக்கு வந்த சைவக்காரி. இவள் கொட்டாஞ்சேனையிலையே பிறந்து, அங்கையே ஞானஸ்நானம் வாங்கி, அங்கையே தாலி கட்டின வேதக்காரி. இவர் ரோட்டுக்கு அங்காலை துறைமுகத்திலை கிளாக்கர். எனக்கும் அவருக்கும் ஒரே கரியரிலை சாப்பாடு எண்டதாலை மத்தியானம் எங்கட மேசைக்கு வருவார். தொழிற்சங்கக்காரர். கடவுளைப் பற்றிக் கேட்டா "ஆள் லீவிலை" எண்டுவார்.

நீ அவரை அண்ணன் எண்டாய். அதாலை நானும் நீயும் மச்சாள்மார் ஆகிட்டம். மச்சாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லலாம்தானே, நீ சொன்னாய், நானும் திருப்பிச் சொன்னன்.

அந்த பஸ் சண்டை ஞாபகம் இருக்கோ? எந்த பஸ்ஸிலை ஏறினாலும் கோட்டைக்குத்தான் போகும், பிறகேன் சமயச் சண்டை எண்டு நான் கேட்டன். பஸ்ஸின்ர பேர்ப்பலகையைப் பாக்காமல் ஏறினா எதிர்ப்பக்கம் மொறட்டுவையிலை கொண்டுபோய் இறக்கிவிடுவான் எண்டு நீ சொன்னாய். இவர் கருப்பட்டியிலை ஒரு கடி கடிச்சு, பாலில்லாத பிளேன்ரீயிலை ஒரு மிடறு குடிச்சு, ஆறுதலாய்க் கேட்டார், "கோட்டைக்குப் போகவேணுமெண்டு ஆர் சொன்னது?"

பிறகொருநாள் உன்னை மடக்கிப்போட்டன் எண்டு நினைச்சன். நீ கோண்டாவிலிலை பிறந்திருந்தா இண்டைக்குத் திருநீறு பூசிக்கொண்டு இருப்பாய், நான் கொட்டாஞ்சேனையிலை பிறந்திருந்தா செபமாலை உருட்டிக்கொண்டு இருப்பன், பிறகு உன்ர ஆண்டவர்தான் ஒரே வழி எண்டு என்ன கண்டறியாத கதை எண்டு கேட்டன். நீ மீன் முள்ளை ஒரு பக்கம் ஒதுக்கி வச்சுப்போட்டுக் கேட்டாய், அப்ப எல்லாம் ஒண்டெண்டு நீ சொல்லுறதும் கோண்டாவிலிலை பிறந்ததாலை வந்ததுதானே எண்டு. இவர் விழுந்து விழுந்து சிரிச்சார். நான் கரியரை அடிச்சு மூடினன். நீ அவரையும் விடேல்லை. அண்ணன் துறைமுகத்திலை வேலை செய்யாமல் கோயில் மணியகாரனாய் இருந்திருந்தா ஆள் லீவிலை எண்டு சொல்லியிருப்பாரோ எண்டு கேட்டாய்.

ஆனால் நீ மெய்யாய்க் கோவிச்சது ஒருநாள்தான். என்ர சாமியறையிலை பிள்ளையாருக்குப் பக்கத்திலை மாதா படமும் வச்சிருக்கிறன் எண்டு பெருமையாய்ச் சொன்னன். உனக்குச் சந்தோசமாயிருக்கும் எண்டு நினைச்சுத்தான் சொன்னனான். நீ கையைக் கழுவிட்டு வந்து இருந்து சொன்னாய், "பாக்கியம், நீ பிழையெண்டு நான் உன்ட முகத்துக்கு நேரே சொல்றேன். நீ எல்லாம் ஒண்டெண்டு சொல்லி, என்ட ஆண்டவரையும் எடுத்து உன்ட அறையில ஒரு மூலையில வச்சிட்ட. நான் என்னத்தை நம்புறேனெண்டு நீ ஒருநாளும் கேட்டதில்ல." அண்டைக்கு முழுக்க உன்ர மெசின் சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் ஆசையாய்ச் செய்ததை இவள் இப்பிடிச் சொல்லிப்போட்டாளே எண்டு எனக்கு ஒரு கிழமை நெஞ்சு எரிஞ்சது.

வெளியிலை நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்தது, இப்பவும் நடக்குது. சிங்களத் தாய்மார் புத்த பன்சலையிலை பிரித் ஓதி நூல் கட்டிப் பிள்ளையைச் சண்டைக்கு அனுப்புகினம். எங்கட பக்கத்திலை கோயிலிலை தேங்காய் உடைச்சு அனுப்புகினம். உன்ர அந்தோனியாருக்கு ரெண்டு பக்கத்துத் தாய்மாரும் ஒரே தட்டிலை மெழுகுதிரி கொளுத்துகினம். எல்லாரும் கேக்கிறது தங்கட பிள்ளை வீட்டை வரவேணுமெண்டு. அதைத் தாறதெண்டா மற்றவளின்ர பிள்ளை வரக்கூடாது. மேலை இருந்து கேக்கிறவருக்கு மண்டை விறைச்சுத்தான் லீவிலை போயிருப்பார் எண்டு இவர் சொல்ல, நீ வாயிலை கை வச்சு, பாவம் வரும் அண்ணன், அப்பிடிச் சொல்லாதீங்க எண்டாய்.

அதே மேசையிலைதான் இவர் அதையும் சொன்னவர். நான் செத்தா மணியும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம், எரிச்சுப்போட்டு வந்து ஆளுக்கொரு பிளேன்ரீயைக் குடிச்சிட்டு வேலைக்குப் போங்கோ எண்டு. ஒருக்கா இல்லை, எத்தினை தரம். நீ பக்கத்திலை இருந்து காதாலை கேட்டனீ. கேட்டிருந்தும் அந்த மனுசன்ர தலையிலை தண்ணியை ஊத்தினியே, இது என்ன நியாயம்?

ஆறு வருசத்துக்கு முந்தி ஒரு தை மாசம். எனக்குக் காய்ச்சல், லீவு போட்டு வீட்டை நிண்டன். பின்னேரம் கீழ்க்கடைக்கு நீ ரெலிபோன் எடுத்தாய். இவர் பஸ்ஸுக்கு நிண்ட இடத்திலை குண்டு வெடிச்சிட்டுது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டினம், நான் போறன், நீ வா எண்டாய். நான் அடுப்பிலை இருந்ததையும் இறக்காமல் வெளிக்கிட்டன்.

பம்பலப்பிட்டியிலை பஸ்ஸை மறிச்சாங்கள். என்ர ஐடென்ரி காட்டிலை பிறந்த இடம் யாழ்ப்பாணம். நெத்தியிலை பொட்டு, பதட்டத்திலை அதை அழிக்க மறந்துபோனன். என்னையும் இன்னும் கொஞ்சத் தமிழ்ப் பொம்பிளையளையும் இறக்கிப் பொலிஸ் ஸ்ரேசனுக்குக் கொண்டுபோனாங்கள். மனுசன் குண்டிலை காயப்பட்டுக் கிடக்கிறார் எண்டு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்திலை சொல்லிச் சொல்லி அழுதன். அதாலைதான் கூடச் சந்தேகப்பட்டாங்கள். குண்டு வெடிச்ச இடத்திலை உன்ர புருசனுக்கு என்ன வேலை எண்டு கேட்டாங்கள். அடுத்தநாள் காலமை ஒன்பது மணிக்குத்தான் விட்டாங்கள்.

உன்னை ஒருத்தரும் மறிக்கேல்லை. உன்ர பேர் அப்பிடி, கழுத்திலை சிலுவை, வாயிலை தண்ணிபோல சிங்களம். கொட்டாஞ்சேனையிலை இருந்து மருதானையாலை நடந்தே போய், நான் அவரின்ர தங்கச்சி எண்டு சொல்லி வாட்டுக்குள்ளை புகுந்திட்டாய். அவரோடை ஒரு இரவு முழுக்க இருந்தாய். நான் இருக்கேல்லை.

நான் வரேக்கை பத்து மணி. நீ வாட்டு வாசலிலை நிண்டாய். ஏழு மணிக்குப் போயிட்டார், நித்திரையிலையே போயிட்டார், அவருக்கு ஒண்டும் தெரியாது மச்சாள் எண்டு சொல்லி என்னைக் கட்டிப்பிடிச்சாய். நான் கட்டிலுக்குக் கிட்டப் போய்ப் பாத்தன். தலையணை நனைஞ்சு கிடந்தது. தலைமயிரும் ஈரமாய் நெத்தியோடை ஒட்டிக் கிடந்தது. ஏனெண்டு கேட்டன். காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டனான் எண்டாய். நானும் நம்பி, உன்ர கையைப் பிடிச்சு நல்லாயிருப்பாய் எண்டு சொன்னன்.

பிறகு செத்தவீடு. ஐயரைக் கூப்பிட்டு, சுண்ணம் இடிச்சு, வாய்க்கரிசி போட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, வருசா வருசம் திவசம், ஒரு குறையும் விடேல்லை. நீ எல்லாத்துக்கும் வந்தாய். செபமாலையைக் கைப்பைக்குள்ளை மறைச்சுப் பிடிச்சபடி ஒரு மூலைக் கதிரையிலை இருந்தாய். தலையிலை ஏற்கெனவே தண்ணி ஊத்தின ஆளுக்கு இவள் திருநீறு பூசுறாளே எண்டு உள்ளுக்குள்ளை சிரிச்சனியோ? எப்பிடியடி ஆறு வருசம் வாயைத் திறக்காமல் இருந்தாய்? உன்ர வாய்க்கு அது ஏலுமெண்டு நான் சாகும்வரைக்கும் நம்பியிருக்கமாட்டன்.

நேற்றைக்குத்தான் பொறுக்கேலாமல் கொட்டாஞ்சேனைக்குப் போனன். நீ இல்லாட்டி உன்ர மகளோடையாவது சண்டை பிடிக்கவேணும் எண்டு கந்தோருக்கு அரைநாள் லீவும் போட்டன். அனிற்றா உடுப்புக்கு அயன் போட்டுக்கொண்டு நிண்டாள். நான் கத்தின எல்லாத்தையும் கேட்டாள். எங்களுக்குப் பிள்ளையில்லாதபடியால் அவளை என்ர பிள்ளைபோல வச்சிருக்கிறன் எண்டு உனக்குத் தெரியும். நேற்று அதையும் பாக்காமல் வாயிலை வந்த எல்லாம் சொன்னன்.

நான் மூச்சு விட நிப்பாட்டேக்கை அவள் ஒரு கேள்வி கேட்டாள். நீ செத்து முப்பத்தோராம் நாள் நான் கோயிலிலை என்னமோ செய்து திருநீறு கொண்டுவந்து தந்தனான்தானே எண்டு. ஓம், மோட்ச அருச்சனை செய்தனான், அதுக்கென்ன எண்டன். அவள் சின்னனிலை பக்கத்து வீட்டு ஆக்களோடை ஜிந்துப்பிட்டிச் சைவக் கோயிலுக்குப் போய் வந்தவள், அருச்சனைக்கு என்ன கேப்பினம் எண்டு தெரியும். அம்மாட நட்சத்திரம் என்னண்டு சொன்னீங்க அன்ரி எண்டு கேட்டாள்.

திரேஸ், நான் உத்தரம் எண்டு சொன்னனான். ஐயர் தட்டோடை நிண்டு கேட்டார், பின்னாலை வரிசை நிக்குது, உனக்கு நட்சத்திரம் ஏது, வாயிலை வந்ததைச் சொன்னன். உன்னைக் கேக்காமல் உனக்கு ஒரு நட்சத்திரத்தைக் கட்டிவிட்டிருக்கிறன்.

அது வேறை, இது வேறை எண்டு அனிற்றாவுக்குச் சொன்னன். நான் உன்ர கொம்மாவை மாத்தேல்லை, அவளுக்கு நல்லகதி கேட்டனான் எண்டன். அம்மாவும் அங்கிளுக்கு அதைத்தான் கேட்டாங்க எண்டாள். எனக்குக் கொதி ஏறிட்டுது. செத்தாப்பிறகு செய்யிறதும், நினைவில்லாமல் கிடந்த மனுசனைக் கேக்காமல் அவர் உயிரோடை இருக்கேக்கை செய்யிறதும் ஒண்டோடி எண்டு கேட்டன்.

அவள் அயனைத் தூக்கி நிமித்தி வச்சாள். "அங்கிள் நினைவாத்தான் இருந்தார், அன்ரி."

நான் கதிரையிலை இருந்திட்டன். நீ சாகிறதுக்கு முந்தி அவளுக்குச் சொல்லி வச்சிருந்தியாம், பாக்கியம் அழுதுகொண்டு வந்தாச் சொல்லாதை, சண்டைக்கு வந்தா மட்டும் சொல்லு எண்டு. என்னை அப்பிடித் தெரிஞ்சு வச்சிருக்கிறாய், பொல்லாதவளே.

அவள் சொன்னதை இஞ்சை எழுதுறன். பிழையெண்டா என்ர கனவிலை வந்து திருத்து. அவர் விடியும்வரைக்கும் நினைவோடைதான் இருந்தவராம். மூண்டு தரம் கேட்டவராம், பாக்கியம் வந்திட்டாளோ எண்டு. வந்துகொண்டிருக்கிறா எண்டு மூண்டு தரமும் நீ சொன்னனியாம். பிறகு நீ அழத் துவங்கிட்டாய். அவர் உன்னைப் பாத்து, நான் உன்ர நரகத்துக்குப் போயிடுவன் எண்டோ அழுறாய் எண்டு கேட்டவராம். வேறை ஆரும் எண்டா இல்லையெண்டு சொல்லியிருப்பினம். நீ, ஓம் அண்ணன் எண்டு சொன்னனியாம்.

அதுக்கு அவர் சிரிச்சவராம், வயித்துக் காயத்தோடை. "அப்ப ஊத்து, தங்கச்சி. உனக்கு ஆறுதலெண்டா ஊத்து. பாக்கியத்துக்குச் சொல்லாதை. அவள் தன்ர மணியை அடிக்கட்டும்."

என்ன பேர் வைக்கிறது எண்டு நீ கேக்க, உங்கட ஆக்களிலை நம்பாதவன் ஒருத்தனும் இல்லையோ, இருந்தா அவன்ர பேரை வை எண்டவராம். காயத்துக்குள்ளை விரலை விட்டுப் பாத்தாத்தான் நம்புவன் எண்டு நிண்ட தோமையாரைப் பற்றி நீ சொல்ல, அந்தாள் பரவாயில்லை எண்டவராம். நீ வாட்டுப் பைப்பிலை கோப்பையைப் பிடிச்சுக்கொண்டு வந்தாய்.

இப்ப நான் ஆரோடை கோவிக்கிறது? சொல்லு. ரெண்டு கிழமையாய் உன்னைத் திட்டினதெல்லாம் வீணாய்ப் போச்சு. என்ர மனுசனும் என்ர மச்சாளும் சேந்து என்னைச் சின்னப்பிள்ளை மாதிரி ஏமாத்தியிருக்கிறியள். பாக்கியம் தாங்கமாட்டாள், பாக்கியத்துக்குச் சொல்லவேண்டாம். ஏன், பாக்கியம் என்ன கண்ணாடிக் கிளாஸோ? அவர் என்னைக் கேட்டவர் எண்டதையாவது சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னா அவர் முழிச்சிருந்தவர் எண்டதும் வந்திடும், பிறகு நான் உன்னைத் துருவித் துருவி மிச்சத்தையும் எடுத்திடுவன் எண்டு பயந்தனீ. சரிதான், எடுத்திருப்பன்.

இன்னுமொண்டும் கேக்கிறன். அவர் நம்பி வாங்கேல்லை, உன்ர அழுகையை நிப்பாட்ட வாங்கினவர். உன்ர சட்டப்படி அது செல்லுமோ? பாதரைக் கேட்டனியோ? கேட்டிருக்கமாட்டாய். செல்லாது எண்டு சொல்லிவிடுவார் எண்டு பயந்துதான் வருசா வருசம் பேரை எழுதிக் குடுத்துக்கொண்டிருந்தாய். எனக்கு அந்தப் பயம் தெரியும். திவசத்துக்கு ஐயர் மணி அடிக்கேக்கை ஒவ்வொரு வருசமும் எனக்கும் வாறது, இவருக்கு இது கேக்குதோ, கேட்டாலும் பிடிக்குமோ எண்டு. நான் அதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. உனக்கும் சொல்லேல்லை.

எது சரியெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. உன்ர ஒரே வழியை விழுங்க என்னாலை ஏலாது. எல்லாம் ஒண்டெண்டு பழையபடி சொல்லவும் இப்ப வாய் வருகுதில்லை. ஒருத்தர்தான் இருக்கிறார் எண்டு நீ சொன்னனீ, எல்லாரும் அவர்தான் எண்டு நான் சொன்னனான், அங்கை ஒருத்தருமில்லை எண்டு இவர் சொன்னவர். மூண்டும் சரியாயிருக்க ஏலாது. இவ்வளவு கதைச்சு, இவ்வளவு சண்டை பிடிச்சு, ரெண்டு பேரைச் சாகக் குடுத்தும் ஒரு முடிவும் கிடைக்கேல்லையே எண்டு நேற்று பஸ்ஸிலை வரேக்கை ஜன்னலிலை தலையை முட்டிக்கொண்டு அழுதன். பக்கத்திலை இருந்த சிங்கள மனுசி ஒண்டும் கேக்காமல் ஒரு தோடம்பழ இனிப்பு எடுத்துத் தந்தா.

ஆனால் ஒண்டு விளங்கிட்டுது. நீ உனக்கு ஆறுதலானதைச் செய்தாய், நான் எனக்கு ஆறுதலானதைச் செய்தன். ரெண்டுக்கும் அந்த மனுசன் தலையைக் குடுத்தார். அவர் கேட்டது ஒரு பிளேன்ரீ. அதை நாங்கள் ரெண்டு பேரும் குடிக்கேல்லை, திரேஸ். எரிச்சுப்போட்டு வந்த அண்டைக்கு வீட்டிலை நிறையச் சனம், எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தது நீ, பால் விட்டு.

அதாலை வாற தை மாசம் ஐயரைக் கூப்பிடமாட்டன். மணி அடிக்கலாம் எண்டு சொல்லிப்போட்டுப் போன மனுசனுக்கு ஒரு வருசமாவது மணி அடிக்காமல் இருக்கிறன். காலமை எழும்பி, கருப்பட்டியிலை ஒரு கடி கடிச்சு, ஒரு பிளேன்ரீயைக் குடிச்சிட்டு வேலைக்குப் போவன். இது அவருக்கு இல்லை, உனக்குத் தாற வாக்கு. அவரிட்டைச் சொன்னா லீவிலை நிக்கிறன் எண்டுவார். உனக்கும் இனி நட்சத்திரம் சொல்லமாட்டன். திரேசுக்கு நட்சத்திரம் இல்லை, பேர் மட்டும்தான் எண்டு ஐயருக்குச் சொல்லுவன், செய்தா செய்யட்டும்.

நாளைக்கு வேலை முடிய அனிற்றாவுக்கு ரெலிபோன் எடுப்பன். பேர் கடதாசியிலை இருக்கட்டும். தோமஸும் இருக்கட்டும். நீ சொன்னது பிழையெண்டா அந்தப் பேராலை ஒருத்தருக்கும் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் நீ சொன்னது சரியெண்டா, இவர் இப்ப உனக்குக் கிட்டத்தான் எங்கையோ நிக்கவேணும்.

அப்பிடியெண்டா அவரிட்டைப் போய் ஒண்டு சொல்லு, மச்சாள். மூண்டு தரம் கேட்டவர். நான் வந்தனான் எண்டு சொல்லு. பத்து மணிக்கு வந்தனான்.

இப்படிக்கு,
இனியும் உன்னோடை சண்டை பிடிக்கப்போற உன்ர மச்சாள்,
கனகசபையின்ர பாக்கியம்
வெள்ளவத்தை